ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: பயிற்சி ஆசிரியர் எந்தக் கருவியை எடுத்துப் போவது?

பள்ளிப் பயிற்சிக்குக் கிளம்பும் பி.எட். மாணவரிடம் டிஜிட்டல் கருவி என்று சொன்னால் உடனே ஒரு பட்டியல் வரும்: கஹூட், குவிஸிஸ், பிளிக்கர்ஸ், கூகுள் ஃபார்ம், ஃபெட், ஜியோஜீப்ரா, தீக்‌ஷா, மணற்கேணி. எதுவும் மோசமில்லை. ஆனால் இவற்றில் பாதி, பிள்ளைகள் ஆளுக்கொரு கருவி வைத்திருப்பார்கள் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு பி பிரிவில் போய் நின்றால், அந்த அறையில் இருக்கும் ஒரே திரை உங்கள் போன்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது; கொண்டுவரச் சொல்லவும் கூடாது.

எனவே அம்சங்களைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். ஒன்று, அறையில் என்ன சாதனம் இருக்கிறது? இரண்டு, இந்தக் கருவி பிள்ளைகளுக்கு எதையாவது காட்டுகிறதா, அல்லது பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குச் சொல்கிறதா?

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. காட்டும் கருவி கண்ணுக்கு அழகாக இருக்கும். பார்வையிட வரும் கல்லூரிப் பேராசிரியருக்கும் பிடிக்கும். ஆனால் பயிற்சி ஆசிரியருக்கு முதலில் வேண்டியது கேட்கும் கருவி. பத்து வருடம் அதே பள்ளியில் இருப்பவருக்கு மூன்றாம் பெஞ்சுப் பையனின் முகத்தைப் பார்த்தாலே புரியவில்லை என்று தெரியும். 2014 விதிகளின்படி நடக்கும் இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளியில் இருப்பது முதலாண்டு 4 வாரம், இரண்டாம் ஆண்டு 16 வாரம். பிள்ளைகளின் பெயர் பிடிபடுவதற்குள் பாதிக் காலம் போய்விடும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் நாற்பது பேரும் ‘புரிஞ்சுதுங்க மிஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

காகித அட்டை: பிளிக்கர்ஸ்

ஒரு போன் மட்டும் இருக்கும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இப்போதைக்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு காகித அட்டை இருக்கும். அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம். ஒவ்வோர் அட்டைக்கும் வடிவம் வேறு. நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தான் நினைக்கும் விடை மேல்பக்கம் வரும்படி அட்டையைப் பிடித்தால் போதும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்த, எந்த எண் எந்த விடை சொன்னது என்று செயலி பதிந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவர் அட்டையை எட்டிப் பார்த்தாலும் என்ன விடை என்று சட்டெனச் சொல்ல முடியாது. கை தூக்கச் சொல்லும்போது முதல் பெஞ்சைப் பார்த்துக் கடைசி பெஞ்சு கை தூக்கும் பழக்கம் இங்கே எடுபடாது.

தயாரிப்பு ஒரு மாலை வேலை. கணக்கு தொடங்கி, வகுப்பு ஒன்றை உருவாக்கி, பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக வருகைப் பதிவேட்டு எண்ணை மட்டும் இடுங்கள். அட்டை எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பிறகு குழப்பம் வராது. அட்டைகளின் பிடிஎஃப் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 40 அட்டை கொண்ட வழக்கமான தொகுப்பில் ஒரு ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை, ஆக 20 தாள். பக்கம் 2 ரூபாய் என்றால் 40 ரூபாய் செலவு. வெறும் தாள் இரண்டு வாரத்தில் மடங்கிவிடும். பனியன் பெட்டி அட்டையை வெட்டிப் பின்னால் ஒட்டினால் பயிற்சி முடியும்வரை தாங்கும். திருப்பூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம். அட்டை நீடிக்கும் என்று எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். ஜன்னல் வெளிச்சமோ டியூப்லைட்டோ அதன் மேல் பட்டுத் தெறித்தால் கறுப்புக் கட்டம் வெள்ளையாகத் தெரியும், கேமரா படிக்காது. லேமினேஷன் செய்தே ஆக வேண்டுமென்றால் மங்கலான மேற்பரப்பு உள்ள ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வகுப்பில் தவறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். பிள்ளைகள் அட்டையை நடுவில் பிடித்து விரலால் கறுப்பு வடிவத்தை மறைப்பார்கள். ஓரத்தை இரண்டு கையாலும் பிடிக்கப் பழக்க வேண்டும். அட்டை வளைந்திருந்தால் படிக்காது. முன்னால் இருப்பவர் தலை பின்னால் இருப்பவர் அட்டையை மறைக்கும். அட்டையை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் நடுவில் நிற்காமல் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒருமுறை கேமராவை ஓட்டுங்கள். நான்காவது வெளிச்சம். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கேமராவுக்கு எல்லாம் இருட்டாகத் தெரியும். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி நிற்கும் இடத்தை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் நாள் பாடக் கேள்வி கேட்காதீர்கள். ‘காலையில் என்ன சாப்பிட்டீர்கள்: இட்லி, தோசை, பழைய சோறு, சாப்பிடவில்லை’ என்று ஒன்று கேட்டு, பிடிப்பது எப்படி, அசையாமல் எவ்வளவு நேரம் வைப்பது என்று பழக்குங்கள். (கடைசி விடைக்கு எத்தனை பேர் என்பதையும் கவனியுங்கள். மூன்றாம் பீரியடில் தூங்கி விழுவதற்கான காரணம் அங்கே தெரியக்கூடும்.) பழகிய வகுப்பில் ஒரு கேள்வி, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு 5 கேள்விதான் வைக்க முடியும். அது குறையே இல்லை. 45 நிமிட வகுப்பில் ஐந்துக்கு மேல் கேட்டால் பாடம் நடத்த நேரம் இருக்காது.

ப்ரொஜெக்டர் இல்லையென்றால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். போனில் இணையம் வேண்டும். ஆனால் ஒரே ஒரு சிம்மின் டேட்டா போதும்.

கேள்வி சரியில்லை என்றால் அட்டை வீண்

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் தள்ளுபடி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘400 ரூபாய் பனியன் செட்டுக்கு முதலில் 20%, மீதிக்கு மேலும் 10% தள்ளுபடி. மொத்தத்தில் எத்தனை சதவீதம்?’ விடைகள்: 30%, 28%, 22%, எனக்கு இன்னும் புரியவில்லை. சரியான விடை 28 (400, 320, 288). 30 என்றவர் இரண்டையும் நேராகக் கூட்டிவிட்டார். 22 என்றவர் தள்ளுபடிக்கே தள்ளுபடி போட்டுவிட்டார். இரண்டு தவறுக்கும் மருந்து வேறு வேறு. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்திலிருந்து பிறந்திருந்தால்தான் கணக்கெடுப்புக்கு அர்த்தம். சும்மா 28, 29, 31, 35 என்று போட்டால் கிடைப்பது வெறும் மதிப்பெண்.

நான்காவது விடையாக ‘புரியவில்லை’ வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. நான்கு விடையும் பாட விடையாக இருந்தால், வகுப்பில் ஒருவருக்குமே தெரியாவிட்டாலும் குருட்டாம்போக்கில் 40 பேரில் 10 பேர் சரியாகச் சொல்லிவிட வாய்ப்புண்டு. 10 பேர் சரி என்றால் கால்வாசி வகுப்புக்குப் புரிந்தது என்று எழுதிவைக்கத் தோன்றும். அது தப்புக் கணக்கு.

முடிவைப் பார்த்து என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களில் பரப்பிய சக மாணவர் கற்பித்தல் முறையில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தை வேறு வழியில் மறுபடி நடத்து. 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போ. இடையில் இருந்தால் விடையைச் சொல்லாதே. வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, அதே கேள்விக்கு மறுபடி அட்டை தூக்கச் சொல். நாற்பது பேர் வகுப்பில் அது 12-க்கும் 28-க்கும் இடைப்பட்ட எண். வாதம் முடியும்வரை முதல் கணக்கெடுப்பின் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டக் கூடாது. உயரமான பட்டை எதுவோ அதற்கே எல்லோரும் மாறிவிடுவார்கள்.

போனே வேண்டாம் என்றால்

தலைமையாசிரியர் வகுப்பறையில் போன் கூடாது என்று சொல்லிவிட்டால் வாதிட வேண்டாம். கண்ணை மூடி, நெஞ்சுக்கு நேரே ஒன்று முதல் நான்கு விரல் வரை காட்டச் சொன்னாலே மேலே சொன்ன அளவுகோலைப் பயன்படுத்தலாம். வாதம், மறுபடி கேட்பது எல்லாம் இதிலும் நடக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: யார் எதைச் சொன்னார் என்ற பதிவு. நுண்ணிலைக் கற்பித்தலுக்கு, அதாவது சக மாணவர் சிலருக்கு ஐந்து பத்து நிமிடம் நடத்தும் பயிற்சிக்கு, விரலே போதும். அங்கே பிளிக்கர்ஸ் எடுத்துப் போனால் அட்டை கொடுத்து வாங்குவதிலேயே நேரம் தீர்ந்துவிடும்.

கஹூட், குவிஸிஸ்: ஹைடெக் லேப் கிடைத்தால் மட்டும்

இரண்டும் பிள்ளைகள் திரையில் பதில் அழுத்தும் இணைய வினாடி வினாக் கருவிகள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனும் கணினி அறை இருக்கிறது. கணினிகள் பள்ளிக்கேற்ப 10, 20 என்ற அளவில். நாற்பது பேர் வகுப்பு என்றால் ஒரு கணினிக்கு இரண்டு பேரோ நான்கு பேரோ உட்கார வேண்டும். இணையவழி மதிப்பீடுகளும் அதே லேபில்தான் நடக்கும் என்பதால், நீங்கள் நினைத்த நாளில் அறை கிடைக்கும் என்று உறுதியில்லை. லேப் பொறுப்பாளரிடம் முந்தைய வாரமே கேட்டு வைத்து, அறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் பாடக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

கஹூட்டுக்கும் குவிஸிஸுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, கேள்வி எங்கே தெரிகிறது என்பதுதான். கஹூட்டின் வழக்கமான முறையில் கேள்வி முன்னால் உள்ள பெரிய திரையில் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் அழுத்த வேண்டும். குவிஸிஸில் (2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியது) கேள்வி அவரவர் திரையிலேயே வரும். அவரவர் வேகத்தில் போகலாம். லேபில் ப்ரொஜெக்டர் மங்கலாக இருந்தால் குவிஸிஸ்தான் வசதி. குவிஸிஸிலும் பிளிக்கர்ஸ் போலக் காகித அட்டை முறை உண்டு. ஆனால் அட்டை மட்டும்தான் வேண்டும் என்றால் பிளிக்கர்ஸின் எளிமை இதில் இல்லை.

கஹூட்டில் தமிழுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. கேள்விக்கு 120 எழுத்து, விடைக்கு 75 எழுத்து என்று வரம்பு. கணினி தமிழை எண்ணும் விதம் நாம் எண்ணும் விதம் அல்ல. ‘ஒளிச்சேர்க்கை’ நமக்கு 7 எழுத்து. புள்ளி, கொம்பு, விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் கணினிக்கு 13. ஆகவே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதும் இடத்தில் தமிழில் ஒன்றுதான் அடங்கும். கேள்வியை முதலில் தாளில் சுருக்கி எழுதிப் பாருங்கள். சூழலை விளக்க வேண்டியிருந்தால் படமாகப் போட்டுவிட்டு, ‘படத்தில் உள்ள நிகழ்வு எது?’ என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று நேரம். 20 நொடி என்பது நான்கு நீளமான தமிழ் விடைகளைப் படிக்கவே போதாது. 60 நொடியாவது வையுங்கள். வேகமாக அழுத்துபவருக்கு அதிக மதிப்பெண் என்பதால் யோசிப்பவர் தோற்று, ஊகிப்பவர் ஜெயிப்பார். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்தான். இசையும் சத்தமும் சேர்ந்து மாரியம்மன் நோம்பி மாதிரி ஆகிவிடும். திருப்புதல் வகுப்புக்கு அது பரவாயில்லை. புதிய கருத்து நடத்தும் நாளில் மதிப்பெண் இல்லாத கேள்வியாக மாற்றிவிடுங்கள்.

கூகுள் ஃபார்ம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்புக்கு வெளியே, வீட்டில் பெற்றோர் போனில் பதில் வாங்க மட்டுமே பயன்படும். அதுவும் எல்லா வீட்டிலும் மாலையில் போன் கிடைக்காது. விசைத்தறி இரவு ஷிப்ட் போகும் அப்பாவுடன் போனும் போய்விடும். எனவே அதை மதிப்பெண்ணுக்கு வைக்காதீர்கள். சிறு விடைக் கேள்விக்குத் தானியங்கி மதிப்பெண்ணை நம்பவும் கூடாது. நீங்கள் கொடுத்த விடையும் பிள்ளை தட்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்; ‘ஒளிச் சேர்க்கை’ என்று இடைவெளி விட்டால் தவறு என்று போட்டுவிடும். தேர்வு விடைக் கேள்வி மட்டும் வையுங்கள்.

காட்டும் கருவிகளில் எது

சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் செயல்மாதிரிகள் (சிமுலேஷன்) கொண்ட, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட்; வரைபடமும் வடிவமும் வரையும் கணிதச் செயலியான ஜியோஜீப்ரா. இந்த இரண்டுக்கும் மேல் பயிற்சிக் காலத்தில் வேண்டியதில்லை. அறிவியலுக்கு முன்னது, கணக்குக்குப் பின்னது.

ஃபெட்டின் பெரிய நன்மை, ஒவ்வொரு செயல்மாதிரியையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்பது. எச்.டி.எம்.எல். கோப்பை பென்டிரைவில் போட்டு, எந்த மடிக்கணினியிலும் குரோமில் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. தமிழ்க் கோப்பு தனி, ஆங்கிலக் கோப்பு தனி என்பதால் மொழிபெயர்ப்புப் பகுதிக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும். பழைய ஜாவா, ஃபிளாஷ் செயல்மாதிரிகளைத் தொட வேண்டாம். இன்றைய உலாவியில் அவை தகராறு செய்யும்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு மின்சுற்றுப் பெட்டி செயல்மாதிரியை எடுத்துக்கொண்டால், ஓர் அமைப்பை முதலிலேயே மாற்ற வேண்டும். மின்னோட்டத்தைக் காட்ட இரண்டு வழி இருக்கும்: எலக்ட்ரான்கள் நகர்வது, மரபுப்படியான மின்னோட்டத் திசை. முதலாவதை விட்டுவைத்தால் திரையில் நீலப் புள்ளிகள் எதிர்முனையிலிருந்து கிளம்பும். புத்தகத்தில் அம்பு நேர்முனையிலிருந்து கிளம்பும். வகுப்பே குழம்பும். மரபுத் திசைக்கு மாற்றிவிட்டு, எலக்ட்ரானைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் செயல்மாதிரியைப் போட்டுக் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரே மாதிரியான இரண்டு பல்பைத் தொடரிணைப்பில் போட்டு, சுவிட்சை மூடுவதற்கு முன் நிறுத்துங்கள். ‘இரண்டாவது பல்பு முதலாவதைவிட மங்கலாக எரியுமா?’ என்று அட்டை தூக்கச் சொல்லுங்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று நினைப்பவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் விடை சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு சுவிட்சை மூடினால்தான், இரண்டும் ஒரே அளவில் எரிவது அவர்களுக்குச் செய்தியாகும். கேட்காமலே காட்டினால் ‘ஆமாங்க, அப்படித்தான்’ என்று தலையாட்டிவிட்டு பழைய எண்ணத்தோடே வீட்டுக்குப் போவார்கள்.

ஜியோஜீப்ரா தமிழ்நாட்டுக் கணிதப் புத்தகங்களிலேயே ‘இணையச் செயல்பாடு’ பகுதியாக இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவது எளிது. கணினிச் செயலி இணையம் இல்லாமலும் ஓடும். பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்துக்கு மூன்று கெழுக்களுக்கும் நழுவல் (ஸ்லைடர்) வைத்து இழுத்துக் காட்டுவது வழக்கம். மூன்றையும் ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள். இருபடி உறுப்பின் கெழுவை இழுத்தால் பரவளையம் விரியும், குறுகும், கவிழும். மாறிலியை இழுத்தால் மேலும் கீழும் போகும். இரண்டும் பளிச்சென்று புரியும். நடுக் கெழுவை இழுத்தால் முனைப்புள்ளி பக்கவாட்டிலும் மேல்கீழுமாகச் சேர்ந்து நகரும். முதல் வகுப்பில் அது குழப்பத்தைத்தான் தரும். அடுத்த வகுப்புக்கு வையுங்கள்.

பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது இரண்டு அச்சின் அளவும் மாறிவிட்டால் வட்டம் முட்டையாகத் தெரியும், செங்கோணம் சாய்ந்து தெரியும். வரைபட அமைப்பில் அச்சு விகிதம் 1:1 என்று பூட்டிவிடுங்கள். எழுத்தளவையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று முந்தைய நாள் மாலையே பார்த்துவிடுவது நல்லது.

தீக்‌ஷா செயலி புத்தகத்தின் கியூஆர் குறியீட்டோடு இணைந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து அந்தக் குறியீடு இருக்கிறது. 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் பாட வீடியோ செயலியான மணற்கேணியும் வந்தது. வீடியோ பொதுவாக உங்கள் தயாரிப்புக்குத்தான் அதிகம் உதவும். வகுப்பில் போடுவதென்றால் வீட்டிலேயே இறக்கி வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள். போன் ஒலிபெருக்கி, சுழலும் மின்விசிறிச் சத்தத்தில் மூன்றாம் பெஞ்சைத் தாண்டாது. சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் இல்லையென்றால் வீடியோ யோசனையைக் கைவிடுங்கள்.

கேபிள், எழுத்துரு, கரண்ட்

நல்ல பாடம் பலமுறை கெடுவது இந்த மூன்றால்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றின் டைப்-சி துளையிலிருந்து படம் வெளியே வராது. டைப்-சி எச்.டி.எம்.ஐ. மாற்றியை வாங்கிச் செருகினாலும் ‘சிக்னல் இல்லை’ என்றுதான் திரை காட்டும். மாற்றி கெட்டதல்ல; போனில் அந்த வசதியே இல்லை. வாங்குவதற்கு முன் அந்தப் போன் மாடலுக்குத் திரை வெளியீடு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மடிக்கணினி கடன் வாங்குவதே வழி. பழைய ப்ரொஜெக்டரில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால், உள்ளே சிப் வைத்த எச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. மாற்றி வேண்டும், வெறும் கம்பி இணைப்பு வேலை செய்யாது. அந்த மாற்றியில் பலவற்றுக்கு ஒலி போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பவர்பாயிண்ட், அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் திறந்தால் ‘jkpo;’ மாதிரியான குப்பையாகத் தெரியும் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்ததே. யூனிகோடில் தட்டினாலும் கூட ஒரு பிடிஎஃப் நகல் பென்டிரைவில் இருக்கட்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும். காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். உங்கள் பள்ளி எந்தத் துணைமின் நிலையத்தில் வருகிறது என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, பேராசிரியர் வந்து பார்க்கும் வகுப்பை அந்த நாளில் வைக்காதீர்கள். பிளிக்கர்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை, போன் சார்ஜ் மட்டும் போதும் என்பது அதன் பக்கம் இன்னொரு புள்ளி. திரையைப் பகிரும் முன் அறிவிப்புகளை அடக்கிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் செய்தி எட்டாம் வகுப்பின் முன் விரிந்தால், அன்றைக்குப் பாடத்தைவிட அதுதான் பேசப்படும்.

எந்த ஊருக்கு எது

கோவை, திருப்பூர், ஈரோடு நகரப் பள்ளி, ஸ்மார்ட் திரை இருக்கிறது, நெட் வருகிறது என்றால்: அட்டையோடு ஃபெட் அல்லது ஜியோஜீப்ரா. லேப் கிடைத்தால் ஒரே ஒருமுறை திருப்புதலுக்குக் கஹூட்.

திருப்பூரின் பல வகுப்புகளில் வட மாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்தியோ ஒடியாவோ வீட்டு மொழி. கணக்குப் புரிந்திருக்கும், தமிழ்க் கேள்வியைப் படிக்கத்தான் தாமதமாகும். அவர்களை மனதில் வைத்து விடைகளை எண்ணாக, படமாக, வரைபடமாக வையுங்கள். கேள்வியைச் சத்தமாக இருமுறை படியுங்கள். வேகத்துக்கு மதிப்பெண் தரும் எந்தக் கருவியும் இந்த வகுப்பில் நியாயமாக இருக்காது.

காங்கேயம், தாராபுரம், பெருந்துறைச் சுற்றுக் கிராமப் பள்ளிகளில் அட்டைதான் முதன்மை. காட்டும் கருவியை வாரம் ஒருமுறைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். ப்ரொஜெக்டரைத் தூக்கி மாட்டி இறக்குவதிலேயே பத்து நிமிடம் போகும்.

பர்கூர், தாளவாடி, வால்பாறை மலைப் பள்ளி என்றால் முதல் நாளே வகுப்பறைக்குள் நின்று சிக்னல் பாருங்கள். வராண்டாவில் வந்து அறைக்குள் வராத இடங்கள் உண்டு. நிலையில்லை என்றால் பிளிக்கர்ஸைக் கைவிட்டு விரல் முறைக்கும், பென்டிரைவில் இறக்கிய ஃபெட்டுக்கும் மாறுவதுதான் புத்திசாலித்தனம். வகுப்பு நடுவே சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல ஆசிரியரின் பிடியைத் தளர்த்துவது வேறெதுவும் இல்லை.

பதிவேட்டில் எழுதும்போது

‘பயன்படுத்திய துணைக்கருவி: பிளிக்கர்ஸ்’ என்று ஒரு வரியில் முடித்தால், கமிஷன், அதாவது செய்முறைத் தேர்வுக் குழு, வரும் நாளில் ‘எதற்குப் பயன்படுத்தினீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கேள்வி, முதல் கணக்கெடுப்பில் எத்தனை பேர் எந்த விடை, வாதத்துக்குப் பின் எத்தனை பேர், அதைப் பார்த்து அடுத்த நாள் பாடக் குறிப்பில் என்ன மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். சாதனைச் சோதனைப் பதிவேட்டுக்கும் அதே எண்கள் உதவும்.

பிள்ளைகளின் பெயர், படம், பிறந்த தேதி எதையும் இந்தச் செயலிகளில் ஏற்ற வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். எண்ணை மட்டும் வைத்தால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. எந்த எண் யார் என்ற பட்டியல் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். பயிற்சி முடியும் வாரத்தில் முடிவுகளை அச்செடுத்து வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, செயலியில் உள்ள வகுப்பை நீக்குங்கள். அட்டைகளையும் அவரிடமே விட்டுவிடலாம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அவருக்கு ஒருமுறை செயலியைக் காட்டினால் போதும்.